ஐயம்பெருமாள், வயது எழுபத்து நான்கு!

"ஆஆஆ...!"

பதிவறைக்குள்ளிருந்து வந்த அலறலில் ஜெமிமாவின் கையிலிருந்த டிபன் பாக்ஸ் மூடி நழுவியது. உருண்டு போய் பீரோவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

மணி பன்னிரண்டு பத்து.

கோமுவின் குரல்!

ஜெமிமா ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதையும் முழங்கால் வலியையும் நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அவள் அறை வாசலில் தொங்கும் பலகையைப் படித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆகும். 'தலைமை அலுவலர், நூலகம், ஆவணக் காப்பகம் மற்றும் பதிவேடுகள் பிரிவு, பொருநை நீர்ப்பங்கீட்டு ஆணையம், பாளையங்கோட்டை.' பலகை கதவைவிட அகலம். ஆள் என்னவோ ஐந்தடிதான்.

"என்னட்டி கோமு? பாம்பா?"

"பாம்புக்குப் போயி கத்துவனா மேடம்? அடிச்சுப் போட்டிருக்க மாட்டேன்?" அலுவலக உதவியாளர் கோமு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயம்பெருமாளைக் காணோம் மேடம்!"

ஜெமிமா அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"ஏசப்பா! யாருகிட்டயும் சொல்லலியே?"

"நூறுக்குப் போன் போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"ஐயம்பெருமாளை யாரோ தூக்கிட்டாவ... இந்நேரம் முடிச்சிருப்பாவன்னு."

பதினைந்தே நிமிஷத்தில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ரசீத் விறுவிறுவென்று படியேறி வந்து நோட்டைத் திறந்தார்.

"காணாமப் போனவரு வயசு?"

"எழுபத்து நாலு," என்றாள் ஜெமிமா.

"ச்சே... பெரியவரு. கடைசியா யாரு பாத்தது?"

"நான்தான். நேத்து மத்தியானம். நல்லாக் கட்டிப் போட்டுட்டுத்தான் சாப்பிடப் போனேன்."

பேனா நின்றது!

"கட்டிப் போட்டியளா?!"

"பின்ன? நாடா வச்சு இறுக்கிக் கட்டலன்னா பிஞ்சு பிஞ்சு விழுந்திருவாரே சார்."

பின்னால் நின்ற ஏட்டு ஓரடி விலகி நின்றுகொண்டார்.

"அங்க அடையாளம்?"

"முதுகுல கரையான் அரிச்சிருக்கும்."

"எடை?"

"மூணு கிலோ."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பட்டென்று மூடினார்.

"மேடம்! ஐயம்பெருமாள் மனுஷன்தானா?"

"மனுஷன்தான், 1951ல. இப்ப கோப்பு."

"ஒரு ஃபைலுக்கா நூறுக்குப் போன் போட்டிய? பொய்த் தகவல் கொடுத்தா என்ன கேஸ் தெரியுமா?"

"ஏ தம்பி... போலீஸு!"

வராந்தாவிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. ஆசியா உம்மாள்! ராதாபுரம் பக்கம் கருங்காட்டுக்குளத்துப் பாசன சங்கத் தலைவி. காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள்.

"ஆளு செத்தாத்தான் வருவியளோ? குளம் செத்தா வர மாட்டியளோ? அந்த ஐயம்பெருமாளு இருநூறு மனு எழுதித்தான் எங்க குளத்துக்கு வருஷம் பதினோரு நாள் தண்ணி வாங்கிக் கொடுத்தாவ. அந்த உத்தரவு அந்தக் கட்டுக்குள்ளதான் இருக்கு. இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணை. காயிதத்தைக் காட்டலன்னா குளத்தைத் தண்ணிப் பட்டியல்லேர்ந்து அடிச்சிருவாவளாம். பெறகு நாங்க மண்ணையா திங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அவருக்கும் ஏர்வாடியில் இரண்டு வயல் உண்டு.

"ஸ்கேன் எடுத்து வைக்கலையா மேடம்?"

"1950 வரைக்கும் முடிச்சாச்சு சார்."

"இது?"

"1951."

அப்போதுதான் வாசலில் செண்ட் வாசனை வந்தது. தொடர்ந்து இயக்குநர் ஹெப்ரான் வந்தார்.

"என்ன சத்தம்? கோப்பு இல்லையா? அடடா!" அவர் முகத்தில் வருத்தம் நாலு விரற்கடைக்கு மேல் இல்லை. "மூணு மணிக்கு மூலக் கோப்பு என் மேசைக்கு வரலன்னா குளம் அவுட். பொறுப்பு நீங்கதான் மேடம். உங்க சஸ்பென்ஷன் ஆர்டரும் அப்பவே ரெடியாயிரும்."

கோமு பயந்துபோய், கையிலிருந்த துடைப்பம் வாங்கும் பட்டியலை வழக்கம்போல் நீட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. பச்சை மையில் 'ஆம். உடனே செய்க. ஹெ.' என்று கிறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஜெமிமாவுக்கு அழுகை முட்டியது. இருபத்தாறு வருஷ வேலை. ஒரு தாள் தொலைந்ததில்லை. அதைவிட, வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாளின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"மேடம், அலமாரியில இடம் காலியா இல்லையே?" என்றார் ரசீத். "கட்டு இருக்கே?"

"அது போலி சார்! விசாரணைக்கு எடுத்து வைக்கணுமேன்னு பிரிச்சேன். அப்பத்தான் கத்தினேன்," என்றாள் கோமு.

ஜெமிமா அந்தக் கட்டைப் பிரித்தாள். உள்ளே பழைய செய்தித்தாள். கோப்பு அளவுக்கு ஒழுங்காக வெட்டி அடுக்கியது. ஒவ்வொரு தாளிலும் வலது மேல் மூலையில் சிவப்பு மையில்... எண்!

1, 2, 3...

கடைசித் தாளில், 'மொத்தம் 318 பக்கங்கள் மட்டும். சரிபார்க்கப்பட்டது.'

"என் சர்வீஸ்ல," என்றார் ரசீத் பைய, "பக்க எண் போடுத திருடனை இப்பத்தான் பாக்கேன்."

ஜெமிமா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த உலகத்துல இப்படிச் செய்யுத ஆளு ஒருத்தருதான் சார்... நேசையா அண்ணாச்சி!"

"யாரு?"

"பதிவறை எழுத்தர். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். இந்த மாசக் கடைசியில ரிட்டயர்டு. மாலைக்கு ஆர்டர் கொடுத்ததே நான்தான்!"

"ஆளு எங்க?"

கோமு ஓடிப்போய் நடமாட்டப் பதிவேட்டைத் தூக்கி வந்தாள். வேலை நேரத்தில் யார் வெளியே போனாலும் அதில் எழுதிவிட்டுத்தான் போகவேண்டும். ஜெமிமா போட்ட சட்டம் அது. பதிவறைச் சுவரில் பெரிய எழுத்தில் அவளே எழுதி ஒட்டியும் இருந்தாள். 'எழுத்தில் இல்லாதது எதுவும் நடக்கவில்லை!'

பதிவேட்டின் கடைசி வரியை ரசீத் வாசித்தார்.

"நேசையா. புறப்பட்ட நேரம் 11.20. போகுமிடம், சீவலப்பேரி ஆற்றங்கரை. காரணம், அழிப்புப் பணி. திரும்பும் நேரம் 2.30..."

அவர் நிமிர்ந்து ஏட்டைப் பார்த்தார்.

"தப்பிச்சுப் போற ஆளு திரும்பி வார நேரத்தையும் எழுதுவானா வே?!"

"அவரு எழுதுவாரு. ஓடுங்க சார், ஓடுங்க!"

ஜீப் கிளம்பியது. யாரும் கூப்பிடாமலே ஆசியா உம்மாளும் பின்னால் ஏறியிருந்தாள்.

"அழிப்புன்னா எரிக்கிறதா?" என்று கேட்டார் ரசீத், வளைவில் ஒரு ஆட்டு மந்தைக்கு ஹாரன் அடித்தபடி.

"கோப்பு முடிஞ்சா அட்டையில ரெண்டெழுத்து போடுவோம் சார். ஓ.மு.ன்னா ஓராண்டு முடிவு, ஒரு வருஷம் வச்சிருந்து அழிச்சிரலாம். மூ.மு.ன்னா மூணு வருஷம். ப.மு.ன்னா பத்து."

"ஐயம்பெருமாளு?"

"நி.மு. சார்! நிரந்தரம்! ஆத்துல தண்ணி ஓடுத வரைக்கும் அவரும் இருக்கணும்."

"யா அல்லா... வண்டியை விரட்டு தம்பி!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டாள் ஆசியா உம்மாள்.

சீவலப்பேரி. ஆற்றங்கரை. மருத மரத்தடியில் ஒரு டி.வி.எஸ். ஐம்பது!

அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் நேசையா. மடியில் கட்டு. கையில் தீப்பெட்டி. சுற்றிலும் அணைந்த குச்சிகள்.

"அண்ணாச்சி! குச்சியைக் கீழ போடுங்க!"

"காத்து மேடம்," என்றார் நேசையா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒரு பெட்டி குச்சியும் அணைஞ்சிட்டு."

மருத மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

ஜெமிமா கட்டைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கோபம் வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது.

"உங்களை என் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நம்பினேனே! எதுக்கு வே இப்படிச் செஞ்சீரு?"

"மேலிடத்து உத்தரவு மேடம். இயக்குநரு ஐயா சொன்னாவ. அந்தக் குளத்துல அவிய மச்சினரு பிளாட் போடப் போறாராம். நான் முப்பத்து நாலு வருஷத்துல ஒரு உத்தரவையும் தட்டினதில்ல. எடுத்துட்டேன். ஆனா கொளுத்த வரல. பழைய அட்டையை மாத்தினப்ப நி.மு.ன்னு என் கையெழுத்துலயே எழுதியிருக்கேன்... எப்படிக் கொளுத்துவேன்?"

ஆசியா உம்மாள் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் நேசையாவைப் பார்த்தாள்.

"ஏ வே, உம்ம அடிக்கவா, கும்பிடவா? ஒண்ணும் தெரியலையே!"

ரசீத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டையும் ஜீப்புல வச்சுச் செய்யுங்க. ஏறுங்க!"

மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

விசாரணைக் கூடம். கருங்காட்டுக்குளத்து ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். ஹெப்ரான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தார்.

டொம்!

மூன்று கிலோ ஐயம்பெருமாள் அவர் மேசையில் வந்து விழுந்தார். எழுபத்து நாலு வருஷத் தூசி இயக்குநரின் மூக்கில் ஏறியது.

"அச்ச்!... எங்க... எங்கன கிடைச்சுது?"

"நேசையா அண்ணாச்சிகிட்ட. நீங்க சொல்லித்தான் எடுத்தாராம்," என்றாள் ஜெமிமா.

ஹெப்ரானின் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஒரே நொடிதான்! அடுத்த நொடி சிரித்தார்.

"நானா? சாட்சி இருக்கா? கிழவன் திருடிட்டு என் தலையில கட்டுதான். இன்ஸ்பெக்டர், இவனைப் பிடிங்க! அப்புறம் மேடம்... இந்தக் கோப்பும் செல்லாது."

"ஏன்?"

"திருட்டுப் போன கோப்பு! வெளிய கிடந்த நேரத்துல எந்தத் தாளை மாத்தினானோ, எதைச் செருகினானோ? இதை நம்பி நான் எப்படி உத்தரவு போடுவேன்? குளம் அவுட்!"

ஆசியா உம்மாளின் கை முந்தானையை முறுக்கியது. சட்டப்படி அந்த ஆள் சொல்வது சரி! ஜெமிமா எழுதிய விதிப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

"மேடம்..." நேசையா இருமினார். "நம்ம சுவத்துல ஒண்ணு எழுதிப் போட்டிருக்கியளே..."

"எழுத்தில் இல்லாதது எதுவும் நடக்கவில்லை. அதுக்கென்ன இப்ப?"

"அதான்... எழுதாம எப்படித் திருடன்னு..."

மஞ்சள் பையிலிருந்து ஒரு மெல்லிய கோப்பை எடுத்தார். புத்தம் புது அட்டை. நாடா கச்சிதம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"நடப்புக் கணக்கு எண் 417. பொருள், கருங்காட்டுக்குளம், ஐயம்பெருமாள் கோப்பு, திருடி எரித்தல், ஆணை வேண்டுதல், தொடர்பாக. பார்வை, இயக்குநர் அவர்களின் வாய்மொழி உத்தரவு, மாலை 4.40, மாடிப்படி அருகில்..."

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"இயக்குநர் அவர்களின் மைத்துனர் போடவிருக்கும் வீட்டுமனைகளுக்கு இடையூறாக உள்ள மேற்படி கோப்பினை, 318 பக்கங்களும் சரிபார்த்துத் திருடி, ஆற்றங்கரையில் வைத்து எரித்திடலாமா என்பது குறித்து, பணிந்து ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது."

ரசீத் எட்டிப் பார்த்தார்.

கீழே... பச்சை மை!

'ஆம். உடனே செய்க. ஹெ.'

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஐயா காருல ஏறும்போது வச்சேன்," என்றார் நேசையா அடக்கமாக. "உடனே ஒப்புதல் கொடுத்தாவ. அப்புறம்தான் எடுத்தேன்."

ஜெமிமாவுக்குள் ஒரு வெடி வெடித்தது. சிரிப்பு வெடி! அடக்கிக்கொண்டு மேசை மேல் சாய்ந்தாள்.

"சார்! அப்ப இது திருட்டுப் போன கோப்பே இல்ல. பக்கம் எண்ணி, இயக்குநரோட எழுத்து உத்தரவுல வெளிய போயி, திரும்பி வந்த கோப்பு. உங்க உத்தரவு செல்லும்னா இதுவும் செல்லும். உங்க உத்தரவு செல்லாதுன்னு நீங்களே சொல்லுதியளா?"

ஹெப்ரான் வாசலைப் பார்த்தார்.

"இப்ப மணி மூணு அஞ்சு. இன்னும் இயக்குநர் நீங்கதான்," என்று ஜெமிமா ஒரு தாளை நகர்த்தினாள். "கருங்காட்டுக்குளம் பட்டியலில் நீடிக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஊர்க்காரர்கள் முறைத்தார்கள். பச்சைப் பேனா எழுதியது. 'ஆம். உடனே செய்க.'

"அல்லா!" என்று ஆசியா உம்மாள் குலவை போடாத குறையாகக் கத்தினாள். கோமு போட்டேவிட்டாள்!

"நான் அந்த 417-ஐப் படிக்கவே இல்ல!" ஹெப்ரான் அலறினார். "படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன் இன்ஸ்பெக்டர்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு." ரசீத் கைதுக் குறிப்பை எடுத்து நீட்டினார். "இதையும் படிக்காமப் போடுங்க."

ஜீப்பில் அவரை ஏற்றியதை எல்லோரும் மாடியிலிருந்து பார்த்தார்கள். நேசையா தலையைச் சொறிந்தபடி பக்கத்தில் வந்தார்.

"மேடம்... என் மாலை?"

"ஆர்டர் கேன்சல். எடுத்தது எடுத்ததுதானே? முதல்ல கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல ஏறிட்டு வாரும். மாலையைப் பெறகு பாப்போம்."

"சரி மேடம்." அவர் 417-ஐப் பணிவாக நீட்டினார். "இதை முடிச்சிரலாம்லா? அட்டையில என்ன போட?"

ஜெமிமா சிவப்புப் பேனாவை எடுத்தாள். அட்டையில் அழுத்தி இரண்டெழுத்து எழுதினாள். நி.மு.

"அப்ப... ஐயாவுக்கு?"

ஜெமிமா தெருவில் திரும்பும் ஜீப்பைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"மூ.மு. அண்ணாச்சி... நடத்தை சரியில்லன்னா ப.மு.!"