கொழும்பிலிருந்து வந்த கட்டுரைக்காரர்

பாம்பன் பாலத்தில் காற்று அடங்கும்வரை வண்டி நகராது என்று கார்டு சொல்லிவிட்டுப் போனார். மண்டபம் ஸ்டேஷனில் நின்ற அந்தப் பெட்டியை மழை விடாமல் அறைந்துகொண்டிருந்தது. 1958-ஆம் வருஷத்து ஐப்பசி. தீபாவளிக்குக் கமுதி போய்த் திரும்பிக்கொண்டிருந்த முத்தழகு, நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பாம்பனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் அவள் டீச்சர். அங்கே அவள் ஒருத்திதான் டீச்சர்.

எதிரே ஓர் இளைஞன். பக்கத்திலிருந்த பாம்பன் கருவாட்டு வியாபாரி ஹமீது சுல்தானிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"நாகநாதன்னு பேரு. கொழும்புல பிறந்தவன் பாய். அய்யாவுக்குத் திருவாடானைப் பக்கம். சின்னப் பிள்ளைங்க படிப்புக்கு இந்திய அரசாங்கம் எவ்வளவு செலவழிக்குது, இலங்கை எவ்வளவு செலவழிக்குதுன்னு பரீட்சைக்குக் கட்டுரை எழுதுறேன். ஒரு பிள்ளைக்கு அங்க ஆகுற செலவுல பாதிகூட இங்க இல்லை. இதையெல்லாம் பள்ளிக்கூடம்னே சொல்ல முடியாது!"

முத்தழகுக்குச் சுருக்கென்றது.

"பாதிக் காசுலயும் எங்க பிள்ளைக எழுத்துக்கூட்டி வாசிக்குதுகளே... அதை எந்தப் பக்கத்துல எழுதுவீக?"

அவன் திரும்பினான். பெரிய, கறுத்த, எதையும் ஒளிக்கத் தெரியாத கண்கள்... கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவனோ சிரித்துவிட்டான்.

"மன்னிக்கணும். உங்க பள்ளிக்கூடத்தைப் பார்க்க வரலாமா? கொஞ்சம் கதைக்கணும்..."

"கதை சொல்ற வயசா உங்களுக்கு?"

ஹமீது சுல்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தப் பக்கம் பேசுறதுக்குப் பேருதான் டீச்சரம்மா கதைக்கிறது!"

அவள் சட்டென்று சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் ஏன் இப்படிச் சுடுகிறது...?

நான்காம் நாள் நாகநாதன் வந்தே விட்டான். ஓலைக்கூரை ஒரு பக்கம் ஒழுக, அறுபத்திரண்டு பிள்ளைகளையும் மறுபக்கம் நெருக்கி உட்காரவைத்து, சோழிகளைப் பரப்பிக் கூட்டல் சொல்லிக்கொண்டிருந்தாள் முத்தழகு. அவன் வாசலிலேயே நின்று பார்த்தான். சோழியையா, அவளையா... அவளுக்குக் கூட்டல் இரண்டு தரம் தப்பிற்று.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் நோட்டை விரித்தான்.

"கூரை யார் போட்டது?"

"ஊர்க்காரக."

"கரும்பலகை, சிலேட்டு?"

அவள் சோழிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அரசாங்கம் கொடுத்ததா?"

"இல்ல..."

"உங்க சம்பளத்துலயா?" அவன் குரல் தாழ்ந்தது.

"அதை மட்டும் எழுதாதீக." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்னு நாலு பேரு உச்சுக்கொட்டுவாக. எங்களுக்கு அது வேணாம்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாக நோட்டை மூடினான்.

"எழுத மாட்டேன். சத்தியம்."

மறுநாள் தனுஷ்கோடியில் கப்பலேறிப் போய்விட்டான். அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலமானால் கால்கள் தாமாகவே பாம்பன் ஸ்டேஷன் பக்கம் திரும்பின...

தை பிறந்தது. கொழும்புக்குச் சரக்கோடு போய் வந்த ஹமீது சுல்தான், மகளைப் பள்ளியில் விட வந்தவர் தயங்கி நின்றார்.

"அந்தத் தம்பியைப் பார்த்தேன் டீச்சரம்மா. காலேஜ்ல கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாகளாம். 'இவ்வளவு கம்மியான காசுல அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடக்குது? காரணம் எழுதலையே'ன்னு கேட்டாகளாம். 'தெரியும், ஆனா சொல்ல முடியாது'ன்னுட்டு வந்திருக்கு புள்ள. பங்குனிக்குள்ள சரிபண்ணிக் கொடுக்கலேன்னா பரீட்சையே போச்சாம். ஏன்னு கேட்டேன்... வாயைத் திறக்கலை."

முத்தழகுக்கு அவன் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. தன் வீம்புக்காக ஒருவன் படிப்பையே விட்டுக்கொடுப்பானா? ஹமீது சுல்தானிடம் விலாசம் வாங்கி அன்றே கடுதாசி எழுதினாள். ஒரே வரி. 'எழுதிக்கொள்ளுங்கள், நேரில் வந்து கேட்டுக்கொண்டு.'

பத்தாம் நாள், வெயில் சாயும் நேரம். தனுஷ்கோடியிலிருந்து வந்த வண்டியிலிருந்து நாகநாதன் இறங்கினான். பிளாட்பாரத்தில் அவள் நிற்பதைக் கண்டு பெட்டியைக் கீழே வைத்தான்.

"நான் இன்னிக்கு வர்றது எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பிறகு...?"

அவள் கால் விரலால் சிமெண்டுத் தரையைச் சுரண்டினாள்.

"எல்லாத்தையும் எழுதுங்க. என் பேரையும் போட்டே எழுதுங்க. யாரு உச்சுக்கொட்டினாலும் கொட்டட்டும்."

"முழுப் பேரு?"

"த. முத்தழகு. எங்க அய்யா தங்கசாமி."

"கட்டுரை முடியுறதுக்குள்ள அந்த முதல் எழுத்து மாறிட்டா என்ன செய்றது?" என்றான் அவன். சிரித்துத்தான் கேட்டான், ஆனால் குரல் நடுங்கியது. "மதுரையில ஒரு காலேஜ்ல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் நாளைக்குக் கமுதிக்குப் போய் உங்க அய்யாவைப் பார்க்கலாமா? நீங்க வேண்டாம்னா, இப்பவே திரும்பிடுறேன்."

வண்டி ஊதிக்கொண்டு நகர்ந்தது. சத்தம் தேயும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா தினம் சாயங்காலம் இங்கன வந்து இந்த வண்டியைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். வண்டியைப் பார்க்கவா வாரேன்...? இம்புட்டுப் படிச்சவகளுக்கு இதுகூடப் புரியாதா?"

முதன்முறையாக அவள் தலை நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள்.