ம் கொட்டும் இருட்டு

2006 அக்டோபர் 28, சனிக்கிழமை. நியூ ஜெர்சி, பிரிட்ஜ்வாட்டர். ஒரு டவுன்ஹவுஸின் பேஸ்மென்டில் மாலை நான்கு மணிக்கு ஆறு குழந்தைகளுக்கு ஹாலோவீன் படம் போடுவதாக ஏற்பாடு.

ஏற்பாடு சாந்தாமணியுடையது. மூன்று வாரமாகத் திட்டமிட்டிருந்தாள். வருகிற குழந்தைகளில் யாரும் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அதனால் ரத்தம் கூடாது, எலும்புக்கூடு கூடாது, திடுக்கிட வைக்கும் இசை கூடாது. லைப்ரரியிலிருந்து பதினோரு டிவிடி எடுத்து வந்து பார்த்து, கடைசியில் இருட்டுக்குப் பயப்படும் ஒரு குட்டிப் பூசணிக்காயின் கார்ட்டூனில் வந்து நின்றாள். ஐம்பது நிமிஷப் படம். அதிலும் ஒரு சூனியக்காரி ஒரு தடவை சிரிப்பாள். அப்போது சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். பாப்கார்ன், ஜூஸ், வேர்க்கடலை சேராத பிஸ்கட். தரை முழுக்கப் போர்வை விரிப்பு. சுவரோரமாக ஒரு நைட் லேம்ப்.

முதலில் வந்தது மெஹர் நிஷா, தன் இரண்டு பிள்ளைகளோடு.

"எங்க வீட்டுல வேஷம் போட்டு வீடு வீடா ட்ரிக் ஆர் ட்ரீட்டுக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்னு உனக்குத் தெரியும்ல மணி. இவ ஒரு வாரமா ஒரே அழுகை. கார்ட்டூன்னு சொன்னதும் அவங்க வாப்பாவே ட்ராப் பண்றேன்னுட்டாரு" என்றாள்.

அவள் மகள் அஃப்சானாவுக்கு ஐந்து வயது. பேஸ்மென்ட் படியில் நின்றுகொண்டு கேட்டாள்: "இஸ் இட் ஸ்கேரி, ஆன்ட்டி?"

"கொஞ்சம்கூட இல்ல கண்ணு."

"தென் வொய் இஸ் இட் ஹாலோவீன்?"

"கேட்டா பாரு கேள்வி. இவளை லாயருக்குத்தான் படிக்க வைக்கணும்" என்று மெஹர் நிஷா மகளின் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள்.

சாந்தாமணியும் சிரித்தாள். ஆனால் அந்தத் திட்டத்தில் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது.

முகிலன் அவள் பெற்ற ஒரே பிள்ளை. அவனுக்கு ஐந்து மாதமானபோது கோபிச்செட்டிபாளையத்துக்கு, அக்கா வசந்தாமணியிடம் அனுப்பிவிட்டார்கள். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கான சாஃப்ட்வேர் வேலை அவளுக்கு. கணவன் மனைவி இருவருடைய கிரீன் கார்டும் அவள் கம்பெனி வழியாகத்தான் அப்ளை ஆகியிருந்தது. வேலையை விட முடியாது. கணவன் நஞ்சுண்டனோ அப்போது டெக்சாஸ் ப்ராஜெக்டில், மாதம் ஒரு தடவை வந்து போய்க்கொண்டிருந்தான். ஒரு வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்றரை வருஷம் ஓடிவிட்டது. இந்த ஆகஸ்டில்தான் நஞ்சுண்டன் போய்த் திரும்பக் கூட்டி வந்தான்.

முகிலன் வசந்தாமணியை அம்மா என்றான். சாந்தாமணியை ஆன்ட்டி என்றான்.

அப்பாவிடம் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டான். அவளிடம் மட்டும் வரவில்லை. சோறு ஊட்டினால் சாப்பிடுவான், குளிப்பாட்டினால் நிற்பான். மடியில் உட்கார்த்தப் போனால் உடம்பை விறைத்துக்கொண்டு பின்னால் போவான். ஒரு தடவையாவது தானாக வந்து மடியில் ஏறிவிட்டால் போதும், மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். இருட்டில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் பயந்தால் வருவான்.

படம் தொடங்கியதும் அவள் எழுந்து போய் நைட் லேம்பைப் பிடுங்கினாள்.

பேஸ்மென்டுக்கு ஜன்னல் கிடையாது. டிவியின் ஆரஞ்சு வெளிச்சம் முன்வரிசைத் தலைகளோடு நின்றுவிட்டது. அவள் பின்னால், படிக்குப் பக்கத்தில் இருந்த பீன் பேக்கில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"வா கண்ணு. அம்மா மடிக்கு வா."

முதலில் விரல்கள் வந்தன. சின்ன விரல்கள், ஜூஸ் டப்பாவைப் பிடித்திருந்ததைப் போலச் சில்லென்று. பிறகு முழங்கால் ஒன்று அவள் தொடையில் ஊன்றியது. பிறகு முழு எடையும் வந்து மடியில் இறங்கியது.

சாந்தாமணி மூச்சுவிடவில்லை. அசைந்தால் இறங்கிவிடுவானோ என்று இருந்தது. மெல்லக் கைகளைக் கோத்து வளைத்துக்கொண்டாள். தலை அவள் நெஞ்சில் சாய்ந்தது. புளித்த பாலின் வாசனை லேசாக வந்தது.

படத்தில் எல்லாம் இங்கிலீஷ். கோபியில் வளர்ந்தவனுக்கு என்ன புரியும் என்று அவள் காதருகே குனிந்து தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"பாரு, அந்தப் பூசணிக்காய்க்கு இருட்டுன்னா பயம்."

"ம்."

"அதுக்கு ஃப்ரெண்டே இல்ல. தோட்டத்துல தனியாக் கெடக்குது."

"ம்."

அந்த ஒற்றை எழுத்தைக் கேட்டதும் அவள் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மூன்றரை வருஷம் அவள் இதே பேஸ்மென்டில் உட்கார்ந்து காலிங் கார்டு போட்டு கோபிக்குப் பேசியிருக்கிறாள். இங்கே இரவு ஏழரை, அங்கே விடிகாலை. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையின் காதில் அக்கா ரிசீவரை வைப்பாள். இவள் கதை சொல்வாள். கதை பாதியில் இருக்கும்போது நிமிஷம் தீர்ந்து லைன் செத்துவிடும். அவள் நிறுத்த மாட்டாள். செத்த ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கதையை முடித்துவிட்டுத்தான் எழுவாள். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். ஒருநாளும் யாரும் ம் கொட்டியதில்லை.

"அப்புறம்?" என்றது மடியிலிருந்த குரல்.

"அப்புறம் அது ஒரு வீட்டைப் பாக்குது. உள்ள வெளிச்சமா இருக்குது."

"அம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது. இரண்டு கால்களும் மரத்துவிட்டிருந்தன. நாலு வயதுப் பிள்ளைக்கு இத்தனை கனம் இருக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கினாள்.

படம் முடிந்தது. படி உச்சியில் கதவு திறந்து விளக்கு எரிந்தது.

நஞ்சுண்டன் நின்றிருந்தான். அவன் இடுப்பில் முகிலன். கையில் பாதி தின்ற தோசை.

"இவன் படம் ஆரம்பிச்சதுமே மேல ஓடியாந்துட்டான். மூணாவது தோசை ஓடுது" என்றான் நஞ்சுண்டன்.

சாந்தாமணி குனிந்து பார்த்தாள்.

மடியில் ஒன்றுமில்லை.

"மணி, கையை ஏன் அப்படி வெச்சிருக்க?" என்று மெஹர் நிஷா கேட்டாள். கோத்த கைகள் எதையோ சுற்றி வளைத்தபடியே இருந்தன. அவற்றைப் பிரிக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. எழுந்து நிற்க இன்னும் நேரம் பிடித்தது.

எல்லாரும் போன பிறகு, சமையலறையில் முகிலன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் கண்ணு எங்கிட்ட வர மாட்டேங்கற? ஒரே ஒரு தடவை மடில உக்காரேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு சாண் கீழே பார்த்தான்.

"எடமில்லீங்க ஆன்ட்டி."

"எடமில்லையா?"

"அங்கதான் பாப்பா உக்காந்திருக்குதுங்களே."

கோபிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் பேசும் அதே மரியாதையான தொனி. பொய் சொல்கிற முகம் இல்லை.

"எப்ப இருந்து கண்ணு?" அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"ஏர்போர்ட்ல இருந்துங்க. என்னைக் கூப்பிட வந்தப்பவே நீங்க அதைத் தூக்கிட்டுத்தான வந்தீங்க."

நஞ்சுண்டன் அடுப்பை அணைத்தான். "ஜெட்லாக்ல எதையோ பாத்திருப்பான். வந்து ரெண்டு மாசம் ஆகியும் தெளியல" என்றான்.

மறுநாள் ஞாயிறு. குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய நாள். ஐந்து மணிக்கே வெளியே கருத்துவிட்டது. போர்வைகளை மடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு சாந்தாமணி பேஸ்மென்டுக்குப் போனாள்.

போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் ராத்திரி முழுக்க விழித்திருந்து அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் குரல் அம்மா என்றிருந்தது. மூன்றரை வருஷத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டது அது ஒன்றுதான்.

நாலு போர்வையை மடித்தாள். ஐந்தாவதை மடிக்கவில்லை.

விளக்கை அணைத்தாள்.

ஆறு மணிக்கு நஞ்சுண்டன் படியிறங்கினான். முகிலன் அவனுக்கு முன்னால் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். மேலே திறந்திருந்த கதவிலிருந்து வந்த கொஞ்ச வெளிச்சத்தில் பீன் பேக்கும் அதில் அவள் உருவமும் தெரிந்தன. அவள் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். காற்று புளித்துக் கிடந்தது.

"மணி? இருட்டுல என்ன பண்ற?"

அவள் நிறுத்தவில்லை.

முகிலன் கடைசிப் படியிலிருந்து எழுந்தான். இரண்டு அடி நடந்தான். தயங்கினான். இன்னும் இரண்டு அடி வைத்தான். அவன் சட்டையின் முதுகு நடுங்குவது நஞ்சுண்டனுக்குத் தெரிந்தது.

பிறகு இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினான்.

"அம்மா" என்றான்.

சாந்தாமணி கதையை நிறுத்தினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கைகள் அசையவில்லை, அவை மடியில் எதையோ சுற்றிக் கோத்திருந்தன. அவற்றை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எடுத்தால் நெஞ்சில் சாய்ந்திருக்கும் தலை சரிந்துவிடும் என்றும் தோன்றியது.

"மெதுவாப் பேசு கண்ணு. பாப்பா தூங்கப் போகுது" என்றாள்.

முகிலன் கைகளை இறக்கினான்.

"தூக்கம் வருதா சாமி?" என்று அவள் குனிந்து கேட்டாள்.

"ம்."

அது முகிலன் குரல் இல்லை. நஞ்சுண்டன் மகனைத் தூக்கிக்கொண்டு படியேறினான். உச்சிப் படியில் கால் தடுக்கி விழுந்தான்; எழுந்தான்; திரும்பிப் பார்க்கவில்லை. கீழே கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நவம்பர் பதினோராம் தேதி நஞ்சுண்டன் முகிலனைக் கோபிக்குக் கூட்டிப் போனான். திரும்பி வரும் டிக்கெட்டை இரண்டு தடவை தள்ளிப்போட்டான். அவன் மறுபடி அமெரிக்காவுக்கு வந்தபோது மெஹர் நிஷாவின் வீட்டில் தங்கி, டவுன்ஹவுஸிலிருந்து தன் துணிகளை மட்டும் எடுத்துப் போனான்.

2007 ஜனவரி எட்டாம் தேதி சாந்தாமணி வேலையை விட்டாள். கிரீன் கார்டு விண்ணப்பம் அத்துடன் நின்றது. ராஜினாமாப் படிவத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று எழுதியிருந்தாள்.