பிரிக்காத பொட்டலம்

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அருணாவின் துப்பறியும் அலுவலகம். பெயர்தான் பெரிது. வேலைக்குச் சேர வந்தவன் கொடுத்த முகவரி மெய்தானா, பெண் கேட்டு வந்த மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. அதனால், "எங்க வீட்டுக்காரரை நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றாங்க" என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் கரியப்பனுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றபின் அருணாவிடம் உதவியாளராகச் சேர்ந்ததே இப்படி ஒரு வழக்குக்காகத்தான். அடுத்த கணமே, அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக அவருக்கு வெட்கமாகப் போயிற்று. வந்தவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

அவள் பெயர் அனுப்ரியா. நர்சிங் படித்தவள். அரசு செவிலியர் தேர்வுக்காகத் தருமபுரியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கணவன் கோபி நாகரசம்பட்டியில் தன் அம்மா முனிலட்சுமியோடு இருந்து, ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தான். உலைப் பிரிவில் வேலை.

"அவருக்கு மனசு சரியில்லாம இருந்துதுங்க. கொஞ்ச நாள் தூக்கமே இல்லாம ஆடுவாரு, கொஞ்ச நாள் பாயை விட்டே எழுந்திருக்க மாட்டாரு. லித்தியம் மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தான் மனுசனா ஆனாரு. ஞாயித்துக்கெழம நான் ஊருக்குப் போனா, அந்த வாரத்துக்கு மாத்திரையை டப்பால அடுக்கி வெச்சிட்டு வருவேன்."

போன மாதம் கோபிக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், பிழைக்கவில்லை. ரத்தத்தில் லித்தியம் இருக்கவேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு இருந்தது. மாத்திரை அடுக்கிய மருமகள்தான் கூடுதலாக வைத்துக் கொன்றாள் என்று முனிலட்சுமி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனால் திரும்ப விடுவார்களா என்பது தெரியாது. கொலை வழக்கில் பெயர் விழுந்தால் செவிலியர் வேலை இந்த ஜென்மத்தில் இல்லை.

"டப்பால மிச்சம் இருந்த மாத்திரை?" என்றாள் அருணா.

"நான் வெச்ச மாதிரியே சரியா இருந்துதுங்க. அதெல்லாம் அப்புறம் மாத்தி வெச்சிருப்பேன்னு சொல்றாங்க."

"இந்த மாத்திரையைப் பத்திப் பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்களே. அப்படியே சொல்லுங்க."

அனுப்ரியா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "அளவு ஏறினா முதலில் வாந்தி, பேதி. பிறகு கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அதிகம் வியர்த்தால் கவனம். உணவில் உப்பைக் குறைக்கக் கூடாது. உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் தேக்கி வைத்துக்கொள்ளும்." கண்ணைத் திறந்தாள். "அதான் பேதி ஆவுதுன்னு போன்ல சொன்னதுமே உப்புக்கரைசல் வாங்கிக் குடிங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். குடிச்சிட்டேன்னாரு. ஆனா இது அவரு சட்டப்பையில இருந்துதுன்னு ஆஸ்பத்திரில குடுத்தாங்க."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கோபியின் கைக்கடிகாரம், ஊசி போடுவதற்காக மணிக்கட்டிலிருந்து வெட்டியெடுத்த மஞ்சள் கயிறு, பிரிக்காத உப்புக்கரைசல் பொட்டலம்.

"ஏங்க எங்கிட்ட பொய் சொன்னாரு? எங்கிட்ட அவரு பொய்யே சொன்னதில்லீங்க."

"கடைசியா நீங்க அவருக்கு எப்போ சோறு போட்டீங்க?"

அவள் யோசித்தாள். "ஞாபகம் இல்லீங்க. ஞாயித்துக்கெழம ஒரு பொழுதுன்னு விரதம் இருந்தாரு. நான் பஸ் ஏறினப்புறம்தான் சாப்புடுவாரு."

படி இறங்கும்போதே கரியப்பன் மூன்று முடிவுக்கு வந்துவிட்டார். "அரளி விதையா இருக்கும் மேடம். இல்லேன்னா அந்தக் கெழவியே... இல்லேன்னா அந்தக் கோபியே கூடுதலா முழுங்கியிருப்பான்."

"ரத்தத்துல இருந்தது லித்தியம் ஏட்டையா. அரளியை விடுங்க" என்றாள் அருணா.

தொழிற்சாலை வாசலில், ஷிப்டு முடிந்து வந்த ஆஞ்சப்பனைப் பிடித்தார்கள். கோபியோடு உலைப் பிரிவில் நின்றவன். கண் கலங்கித்தான் பேசினான்.

"எமகாதகச் சூடு மேடம் அது. பனியனைப் புழிஞ்சா வேர்வை ஊத்தும். அதுக்கோசரம் கம்பெனில உப்பு மோர் குடுப்பாங்க. கடைசியா ரெண்டு மாசமா கோபி அவன் டம்ளரையும் எனக்கே குடுத்துடுவான். டிபன் பாக்ஸ்லயும் கை வெக்க விடமாட்டான். அதுக்கு முன்னாடி அப்டி இல்ல மேடம், நானும் அவனும் ஒரே பாக்ஸ்லதான் துன்னுவோம்."

"ஊறுகாய்?"

"அதுக்கு உசுரையே வுடுவான். அதையும் வுட்டுட்டான். ஏன்டான்னா சிரிப்பான்."

அருணா காரை நேராக நாகரசம்பட்டிக்கு விட்டாள். பின்சீட்டில், வழியில் ஏற்றிக்கொண்ட அனுப்ரியா.

வீட்டில் முனிலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைத்து எத்தனையோ நாள் ஆனதுபோல் கிடந்தது. மருமகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அருணா அவள் எதிரே தரையில் உட்கார்ந்து மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். "இது எந்தக் கோயில்ல கட்டினதுங்கம்மா?"

கிழவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க மாரியம்மன்து. எம்புள்ள வேண்டிக்கினு கட்டிக்கினான். பொண்டாட்டிக்கு கவர்மெண்டு நர்சு வேல கெடைக்கிற வரைக்கும் உப்பு தொடறதில்லைன்னு. அவகிட்ட சொல்லிடாதம்மா, யாருக்கோசரம் வேண்டறமோ அவங்களுக்குத் தெரிஞ்சா பலிக்காதுன்னான். தெனம் தனியா உப்பில்லாம ஆக்கிக் குடுத்தேன். வெறுஞ் சோத்தை முழுங்குவான் பாரு, மொகத்துல ஒரு சுளிப்பு இருக்காது. மருந்து தண்ணி வாங்கியாந்தான், அதுலயும் உப்பு இருக்குதாம்மேன்னு அப்டியே பையில வெச்சிக்கினான். அப்டியாப்பட்ட புள்ளய... இவ கொன்னுட்டாளே!"

அனுப்ரியாவின் கை வாய்க்குப் போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கரியப்பனுக்கும் அப்போதுதான் விளங்கியது. "அப்போ உப்பு இல்லாமதான்..." என்று தொடங்கியவர் கையை அருணா அழுத்தினாள்.

"அனுப்ரியா, என் ஆபீசுல அந்த மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களே. இவங்களுக்கும் ஒருதரம் சொல்றீங்களா? சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். அனுப்ரியா அந்த முகத்தையும், கயிற்றைப் பிடித்திருந்த விரல்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் மேல் இருந்த பழி இறங்கிவிடும்.

"மறந்துடுச்சிங்க" என்றாள்.

"படிச்சவளாம்! மறந்துடுச்சாம்!" என்று கிழவி மார்பில் அடித்துக்கொண்டாள்.

தெருவில் காரருகே நின்றபோது கரியப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. "என்னம்மா இது? நாளைக்கு ஜெயிலுக்குப் போவறியா?"

"போக மாட்டாங்க ஏட்டையா" என்றாள் அருணா. "மாத்திரை சரியாத்தான் உள்ளே போச்சு, வெளியே போகல. ஏன்னு யோசிச்சேன். மோரைக் குடுத்துட்டான், ஊறுகாயை விட்டான், சாப்பாட்டைப் பங்கு போடல, பொண்டாட்டி வர்ற நாள்ல மட்டும் விரதம், பேதியிலயும் கரைசலைப் பிரிக்கல. அஞ்சுக்கும் பொதுவா இருக்கறது உப்பு ஒண்ணுதான். உலைச் சூட்டுல வேர்வையோட இருந்த உப்பும் போயிடுச்சு. மோர் விஷயத்துக்கு ஆஞ்சப்பன் சாட்சி. கயித்தைக் கட்டிவிட்ட கோயில் பூசாரிகிட்ட ஒரு வாக்குமூலம், மனநல டாக்டர்கிட்ட ஒரு அபிப்பிராயம். இன்னிக்கே இன்ஸ்பெக்டரைப் பார்த்துடலாம். அந்தம்மாகிட்ட யாரும் எதையும் விளக்க வேண்டாம்னும் அவரைக் கேட்டுக்கறேன்."

அவள் பேசி முடிக்குமுன் முனிலட்சுமி வெளியே வந்துவிட்டாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி மருமகள் மேல் தூற்றினாள். "நீ நல்லா இருப்பியா? எம்புள்ள உசுரைக் குடிச்சவளே!" அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அனுப்ரியா நகரவில்லை. கிழவி கத்தி ஓய்ந்து உள்ளே போகும்வரை அப்படியே நின்றாள். அந்த மண்ணெல்லாம் தன் மேலேயே விழுந்ததுபோல் இருந்தது கரியப்பனுக்கு.

கார் கிளம்பியது. காவேரிப்பட்டினம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தவர் திரும்பிக் கேட்டே விட்டார். "உண்மை தெரிஞ்சா அந்தம்மா உன்னை இப்படிப் பேசுவாங்களாம்மா? காலம் பூரா இந்தப் பழியைச் சுமக்கப் போறியா?"

"எம்மேல கோவம் இருக்கறதாலதான் அவங்க எழுந்து வாசலுக்கு வர்றாங்க சார்" என்றாள் அனுப்ரியா. "உப்பில்லாம ஆக்கிப் போட்டுக் கொன்னதே தன் கைதான்னு தெரிஞ்சா, அப்புறம் அந்தக் கையால ஒரு வாய் சோறு எடுத்துத் திம்பாங்களா?"

அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அருணா காரை ஓரமாக நிறுத்தினாள்.