மூன்றாவது பட்டன்

அன்று காலை எட்டே முக்காலுக்குக் கல்லூரி பஸ் எங்களை வாசலில் இறக்கிவிட்டது. ராத்திரி பெய்த மழையில் டவுன்ஷிப் சாலையெல்லாம் கழுவி விட்டதுபோல் இருந்தது. முதலாமாண்டுப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு ஆலமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்துச் சிரிப்பது, யாரைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாத முகங்கள்.

நான் ஃபௌசியா. மூன்றாம் ஆண்டு. அந்த வருடம் ஓரியண்டேஷன் லீடர்களில் நானும் ஒருத்தி. புதிதாக வரும் பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வகுப்பைக் காட்டி, கேன்டீனைக் காட்டி, அழுதால் தேற்றி, முதல் வாரத்தை ஓட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. அந்தப் பத்து நாளும் வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு கிடைக்கும். கடைசி நாள் மட்டன் பிரியாணி. எல்லோரையும்விட நன்றாகச் செய்தவருக்கு 'சிறந்த வழிகாட்டி' என்று ஒரு ஷீல்டு. இதெல்லாம் சும்மா. நேற்றுவரை முகம் தெரியாத பிள்ளைகள் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவார்கள் பாருங்கள், அதுதான் உண்மையான சம்பளம். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்குகிற ஆள் நான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஷீல்டு எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. என் அண்ணன் அஷ்ஃபாக் ஏழு வருடத்துக்கு முன்னால் இதே கல்லூரியில் வாங்கியது. இப்போது அவன் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னாள் மாணவர் என்ற முறையில் மேடையில் பேசப் போகிறவனும் அவன்தான். காலையில் வெள்ளைச் சட்டையில் கறை படாமல் குனிந்து, ஒரு கையில் போனும் ஒரு கையில் இட்லியுமாக இருந்தான். "தலையைத் தூக்கிச் சாப்பிடுடா," என்றாள் அம்மா. தினமும் சொல்வாள். தினமும் அவன் கேட்கமாட்டான்.

என் குழுவில் இருபத்து நான்கு பேர். அவர்களிடம் நான் முதலில் சொன்னது பட்டன் விஷயம். எங்கள் கல்லூரியில் சீனியரிடம் பேசும்போது ஜூனியர் தலையைக் குனிந்துகொண்டு, தன் சட்டையின் மூன்றாவது பட்டனையே பார்க்க வேண்டும் என்பது பழைய ராகிங் வழக்கம். போஸ்டர் ஒட்டினார்கள், கமிட்டி போட்டார்கள். ஆனாலும் வழக்கம் அங்கங்கே உயிரோடுதான் இருந்தது. "எவன் சொன்னாலும் குனியாதீங்க. நிமிந்து மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்," என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிக்காட்டிவிட்டு வெளியே வந்தோம். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பழைய ஹாஸ்டல் கட்டடம். பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. தகரம் வைத்து அடைத்திருப்பார்கள். அன்று தகரம் ஒரு பக்கம் விலகியிருந்தது.

உள்ளே வராந்தாவில் ஒரு பையன் நின்றான்.

தலை நன்றாகக் குனிந்திருந்தது. மோவாய் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. கழுத்தில் எங்களுடையதைப் போலவே பேர் அட்டை. எவனோ ஒரு சீனியர் முதல் நாளே ஆரம்பித்துவிட்டான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. என்னோடு இருந்த இன்னொரு லீடர் இளவேனிலிடம் குழுவைக் கூட்டிப்போகச் சொன்னேன். "எந்தப் பையன்டி?" என்று அவள் அதே பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். கண்ணாடி போடாமல் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தகரத்தைத் தாண்டியதும் குளிர்ந்தது. ஈர நிலக்கரி புகைகிற வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, தோல் கருகுவதுபோல. எங்கேயோ முன்னால் முகர்ந்த வாடை அது. எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

"தம்பி, எந்த க்ரூப்?" என்றேன்.

அவன் நிமிரவில்லை.

பெல்ட் விளாசுவதுபோல் சளார் என்று ஒரு சத்தம்.

அவன் முதுகுச் சட்டை அதிர்ந்தது. தூசி பறந்தது. பின்னால் யாருமே இல்லை.

"ஒண்ணு அண்ணா," என்றான் அவன். தரையைப் பார்த்தே சொன்னான்.

மறுபடி சளார். "ரெண்டு அண்ணா." சட்டையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. மூன்று. நான்கு. ஐந்தில் சட்டை கிழிந்தது. கிழிசலுக்குள் தோல் பிளந்திருந்ததைப் பார்த்தேன். ஓடிவிடத்தான் தோன்றியது. காலும் ஒரு அடி பின்னால் போனது. ஆனால் அவன் குரலில் நடுக்கமே இல்லை. ஒப்பிக்கிற பிள்ளையின் குரல். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினொன்றுவரை எண்ணினான். பன்னிரண்டாவது அடி பெல்ட் அடி இல்லை. கனமான ஏதோ ஒன்று பிடரியில் இறங்கியது. கட்டில் கம்பி கல்லில் மோதுகிற சத்தம். அவன் முழங்கால் மடிந்து சரிந்தான். மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் தரையில் தெறித்து என் செருப்புவரை வந்தது. பிறகு சுவரைப் பிடிக்காமல், கையை ஊன்றாமல், அப்படியே எழுந்து நின்றான். சட்டை முழுசாக இருந்தது.

சளார்.

"ஒண்ணு அண்ணா."

இரண்டாவது அடிக்கு முன்னால் நான் நடுவில் பாய்ந்தேன். என் முன்கையில் அது விழுந்தது. நெருப்பைக் கொட்டியதுபோல் எரிந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அடி நின்றது.

"தலையைத் தூக்குப்பா," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணன் சொல்லாம தூக்கக்கூடாதுக்கா," என்று கிசுகிசுத்தான். "மூணாவது பட்டனையே பாத்துகினு நிக்கச் சொன்னாரு. அவரு சொல்ற வரைக்கும் நின்னுகினே இருக்கணும்."

"எந்த அண்ணன்? இங்க நான்தான் லீடர். நான் சொல்றேன், தூக்கு. உன்னை அடிச்சவன் எவனா இருந்தாலும் போய் அவன் மூஞ்சியை நேராப் பாரு."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை. சொல்லி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

அவன் தலை மெதுவாக நிமிர்ந்தது. காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாக முறிப்பதுபோல் கழுத்தில் சத்தம் கேட்டது. முகம் வீங்கிக் கறுத்திருந்தது. கண்ணின் வெள்ளையெல்லாம் ரத்தம். அந்த முகத்தில் அவன் சிரித்தான்.

"தேங்க்ஸ்க்கா."

என்னைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தான். தரையில் நிழல் விழவில்லை. அவன் கழுத்திலிருந்த அட்டை மட்டும் என் காலடியில் கிடந்தது. மழையில் நனைந்து காய்ந்த பழைய அட்டை. எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. பெயர்: வளவன். ஊர்: வளையமாதேவி. தேதி ஏழு வருடத்துக்கு முந்தையது.

கடைசி வரியில், உங்கள் வழிகாட்டி: அஷ்ஃபாக்.

தோல் கருகும் வாடையை எங்கே முகர்ந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்குப் பதிமூன்று வயது. அண்ணன் ஷீல்டோடு வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டை எரித்துக்கொண்டிருந்தான். புது பெல்ட்டை ஏன்டா எரிக்கிறாய் என்று அம்மா சத்தம் போட்டாள். அந்த வாரம்தான் ஹாஸ்டல் குளியலறையில் ஒரு முதலாமாண்டு மாணவன் கால் வழுக்கி விழுந்து இறந்தான் என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அந்தப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், நான் இருக்கேன்டா என்று சொல்லி, அறையில் விட்டவன் என் அண்ணன். அடித்தவனும் அவன்தான்.

மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம்.

ஓடினேன். ஒர்க்‌ஷாப், கிரவுண்டு, லைப்ரரி. ஒரு செருப்பு கழன்று போனது. அண்ணன் செய்தது தப்பு, பெரிய பாவம். ஆனால் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் அவன். பாவி என்று தெரிந்த பிறகும் கால் அவனைக் காப்பாற்றத்தான் ஓடியது.

ஆடிட்டோரியத்தில் முந்நூறு பேர். மேடையில் அண்ணன் மைக் முன்னால் நின்றான். "இந்தக் காலேஜ்ல உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராது. உங்க லீடர்..." என்றவன் நிறுத்தினான்.

நடுப்பாதையில் வளவன் நின்றுகொண்டு அவனையே பார்த்தான். தலை நேராக இருந்தது.

வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் அவன் தெரியவில்லை.

அண்ணனின் உடம்பு முன்னால் எகிறியது. வெள்ளைச் சட்டையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"ஒண்ணு," என்றது மைக். அண்ணனின் குரல்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாவது அடியில் சட்டை கிழிந்து பறந்தபோது சிரிப்பு நின்றது. ஐந்தாவது அடியில் அவன் உதடு மைக்கில் மோதிப் பிளந்தது. பல் ஒன்று மேசையில் விழுந்தது. மேடைக்கு ஓடிய பேராசிரியர் சக்கரபாணியை ஏதோ ஒன்று தூக்கி முதல் வரிசை நாற்காலிகள்மேல் எறிந்தது. கூட்டம் அலறிக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தது. நான் மட்டும் எதிர்த்திசையில் முட்டி மோதிக்கொண்டு போனேன். அண்ணன் எண்ணிக்கொண்டே இருந்தான். ஒன்பது. பத்து. அவன் கண் என்னைக் கண்டுவிட்டது. காப்பாற்று என்று அந்தக் கண் கெஞ்சியது.

"பதினொண்ணு."

பன்னிரண்டாவது எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். வளவன் பார்க்கிறவரைக்கும்தான் அடி என்று தோன்றியது. அந்தப் பார்வையை இறக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது.

"தலையைக் குனி!" என்று கத்தினேன்.

காலையில் எதைச் செய்யாதே என்று இருபத்து நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனோ, அதே சொல்.

வளவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. ஏமாந்துபோன பிள்ளையின் முகம். அவன் குனியவில்லை.

அண்ணன் குனிந்தான்.

அவன் தலை இறங்கியது. மோவாய் நெஞ்சில் பட்டது. அதோடு நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கால் பிடரியில் ஏறி மிதிப்பதுபோல் இன்னும் இறங்கியது. அண்ணனின் இரண்டு கையும் காற்றைப் பிராண்டின. கழுத்து எலும்பு உடைந்த சத்தத்தை மைக் அந்த ஹால் முழுக்கக் கேட்கவைத்தது.

நான் வளவனைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் கேட்டவன் என் அண்ணன்.

முந்நூறு பேர் பார்த்திருந்தும், மேடையில் கால் வழுக்கி விழுந்து இறந்ததாக மறுநாள் பேப்பரில் வந்தது. அதே ஆறேழு வார்த்தை. குளிப்பாட்டியவர்களால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மக்காவை நோக்கிய கிப்லா பக்கம் முகத்தைத் திருப்பவும் முடியவில்லை. அப்படியே கஃபன் துணி சுற்றி அடக்கினார்கள். மகனை அடக்கிவிட்டு வந்த அத்தா அன்றிலிருந்து கடையைத் திறக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து அட்டையை எடுத்துக்கொண்டு வளையமாதேவிக்குப் போனேன். வளவனின் அம்மா வள்ளியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் பேரையும் சொன்னேன். அந்த அம்மா அட்டையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "ஏழு வருஷமா கனாவுல தலையைக் குனிஞ்சிகினே வருவான்மா. மூஞ்சியே காட்டமாட்டான்," என்றார். "இப்பதான் நிமுந்து வரான்." என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கூட்டத்தை எதிர்த்து மேடைக்கு ஓடிய துணிச்சலுக்காக அந்த வருட ஷீல்டை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது டிவி ஸ்டாண்டில் இரண்டு.

அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் அவன் நிற்கிறான்.

கிழிந்த வெள்ளைச் சட்டை. மோவாய் நெஞ்சில். நடுப்பகலில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில். என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறான். எப்போதாவது கிசுகிசுப்பான். "சொல்லு, ஃபௌசி." எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவன் நிமிர்ந்து யாரைப் பார்ப்பான் என்பதும் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்பது மாதம்.

போன வெள்ளிக்கிழமை மதியம், அத்தா பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது, அம்மா சைபுன்னிசா பழக்க தோஷத்தில் மூன்று தட்டு வைத்துவிட்டாள். மூன்றாவது தட்டுக்கும் சோறு போட்டாள். நான் தடுக்கவில்லை. பாவம், அவளுக்கு அவன் தெரியவும் இல்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, ஆளில்லாத அந்த இடத்தைப் பார்த்து, தினமும் சொன்னதைச் சொன்னாள்.

"தலையைத் தூக்கிச் சாப்பிடுடா."

காய்ந்த குச்சி ஒன்று முறிகிற சத்தம் கேட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை இன்னொரு குச்சி. ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. ஒரேயடியாக நிமிர அவனால் முடியவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறான். தரையில் இருந்த பார்வை முதலில் என் காலுக்கு வந்தது. பிறகு முழங்காலுக்கு.

இன்று காலை கல்லூரிக்குக் கிளம்ப, சுடிதாருக்குமேல் பட்டன் வைத்த யூனிஃபார்ம் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் போய் நின்று பார்த்தேன். அவன் கண் என்னுடைய மூன்றாவது பட்டனில் இருந்தது.