பச்சை எரிந்தால் சாப்பிடு

"எனக்கு வாழைப்பூ அலர்ஜி அத்தை" என்று இளவழுதி சொல்லி முடிப்பதற்குள், இலையில் விழுந்த வடையை மோப்பம் பிடித்து அவன் மணிக்கட்டின் உணர்காப்பு பச்சையாக எரிந்தது.

மாமியார் செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். "காப்பு வேற சொல்லுதே மாப்ளே!"

மறுவீட்டுப் பந்தியே சிரித்தது. அன்றைக்கு அவன் ஏழு வடை தின்றான்.

உணர்காப்புக்குள் மிளகளவு அறை ஒன்று உண்டு. அணிந்திருப்பவரின் காவல் உயிரணுக்கள் சில ஆயிரம் அதில் உயிரோடு இருக்கும். எதிரே வரும் உணவின் துகள்களைக் காப்பு உறிஞ்சி அவற்றிடம் காட்டும். எதிரி என்று நினைத்தால் அவை வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். அது உடம்புக்குள் கொட்டினால் தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல். காப்புக்குள் கொட்டினால் வெறும் சிவப்பு விளக்கு. கடலை ஆகாதவர்களும் பால் ஆகாத குழந்தைகளும் அது வந்தபிறகுதான் பயமில்லாமல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. காப்பு சிவந்தால் மட்டுமே 'வேண்டாம்' செல்லுபடியாகும் என்றாகிவிட்டது. பிடிக்கவில்லை என்பதற்கு அதில் விளக்கு இல்லை.

குளித்தலையில் மாமனாருக்கு நாலு ஏக்கர் வாழை. இப்போது ஆடி அழைப்பு வந்துவிட்டது. அந்தத் துவர்ப்பை நினைத்தாலே இளவழுதிக்கு நாக்கு சுருண்டது. கரூரில், காவல் அணுக்களை ஊசி போட்டுப் பழக்கும் ஓர் ஒவ்வாமைப் பயிற்றகத்துக்குப் போனான்.

மருத்துவர் ஃபர்ஹானா அவனை வினோதமாகப் பார்த்தார். "ஆகாததை ஆக வைக்கத்தான் எல்லாரும் வருவாங்க. நீங்க தலைகீழாக் கேக்குறீங்க."

"ஒரே ஒரு பூ டாக்டர். லேசாச் சிவந்தாப் போதும்."

"காவல் அணுவுக்கு ஆளைத் தெரியாது சார், சாயல்தான் தெரியும். திருடன் போட்டோவைக் குடுத்தா, அதே மூக்கு இருக்கிற அவன் சித்தப்பனையும் சேத்துப் பிடிச்சிரும். வாழையில பாத்தீங்கன்னா..."

"சித்தப்பன் எப்படிப் போனா என்ன? ஊசியைப் போடுங்க."

விருந்தன்று தலைவாழை இலை விரித்தார்கள். இளவழுதி தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான். காப்பு செக்கச்செவேலென்று எரிந்து கூவியது. இலையில் இன்னும் உப்புக்கூட விழவில்லை.

"நம்ம தோட்டத்து இலையே ஆகலையாமா?" மாமனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப இந்த வீடு மட்டும் ஆகுமா?"

மனைவி கயல் பல்லைக் கடித்தாள். "என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

அவன் சொறிந்துகொண்டிருந்தான். இலையைத் தொட்ட விரல்கள் ஐந்தும் தடித்துச் சிவந்திருந்தன. அதுதான் அவன் மானத்தைக் காப்பாற்றியது.

"ஐயோ, நெசமாவே ஆகலடி பிள்ளைக்கு!" செண்பகவல்லி மார்பில் கைவைத்தாள். "அன்னிக்குக் காப்பு தூங்கிப்போச்சு போல. பாவி, ஏழு வடையைத் திணிச்சேனே!"

மாமனார் உட்கார்ந்தார். கயல் மாத்திரை கொடுத்தாள். இலை போய் எவர்சில்வர் தட்டு வந்தது. வாழைப்பூ வடை வந்த வழியே திரும்பியது; இளவழுதியின் மனம் துள்ளியது. அதன் பின்னாலேயே வாழைக்காய்ப் பொடிமாசும், அவன் உயிரான நேந்திரம் சிப்ஸும் திரும்பின. துள்ளல் நின்றது.

"இருங்க மாப்ளே, வெறும் வயித்தோட விட்டுருவேனா?" என்று செண்பகவல்லி கொல்லைக்கு ஓடினாள். அந்தத் தோட்டத்தில் வாழை அல்லாதது என்று வேலியில் படர்ந்திருந்தது பாகல் மட்டும்தான்.

அரை மணியில் பாகற்காய்க் குழம்பு வந்தது. பச்சை. பாகற்காய்ப் பொரியல். பச்சை. பாகற்காய் வறுவல். பச்சை.

அடுத்த கரண்டிக்கு அவன் இரண்டு கைகளாலும் தட்டை மூடினான். "போதும் அத்தை. வயிறு நெறஞ்சிருச்சு. சத்தியமா."

செண்பகவல்லி குனிந்து காப்பைப் பார்த்தாள். பிறகு அவன் கையை மெல்ல விலக்கினாள்.

"பச்சைதானே மாப்ளே எரியுது?"