ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

மூன்று மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அதன் கதவில் மாட்டியிருந்த அட்டையில் எழுத்தே வெளுத்துப் போயிருந்தது. மதியம் இரண்டு மணி. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்ட, நான் படியேறினேன்.

கடைக்கு அன்று வார விடுமுறை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. ஆனால் அன்று எழுத்தாளர் என்ற நினைப்பில்தான் போனேன். முந்தின நாள் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார்: "சார், ஒரு ரூம் பத்தி போன வாரம் எழுதியிருந்தீங்களே, அது விஷயமா நேர்ல பேசணும். வீட்டுக்கு வர முடியுமா?" வாசகர் வீட்டுக்கே கூப்பிடுகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காம்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் நான்தான் சரி பண்றேன். எங்க கட்டடத்து லிஃப்டுக்கு மட்டும் யாரும் சாமான் வாங்கித் தர மாட்டேங்கறாங்க," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதல்ல எங்க அக்கா ரூமைப் பார்த்துடுங்க சார்."

மூன்றாவது மாடி, அக்கா. என் கண் தானாகப் படிக்கட்டுப் பக்கம் போனது.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களைப் பற்றி எழுதுவேன். ஒரு பதிவு எழுத மூன்று நாள் ஆகும். படிக்கிறவர்கள் மொத்தம் பதினோரு பேர். ஆனால் அந்தப் பதினோரு பேரும் முழுதாகப் படிப்பார்கள். சண்டைக்கு வருவார்கள், கிண்டலடிப்பார்கள், ஒரு வாரம் எழுதாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். நடுவில் எவனோ வந்து கண்டபடி திட்டிவிட்டுப் போனதால், பின்னூட்டங்களை மட்டுறுத்த ஆரம்பித்தேன். அதாவது, நான் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அவை மற்றவர் கண்ணில் படும்.

முதல் பின்னூட்டம் எப்போதும் 'மூணாவது மாடி' என்ற பெயரில் வரும். "நான்தான் முதல். ஒரு திருத்தம்," என்றே ஆரம்பிக்கும். நான் எங்கே பூசி மெழுகியிருக்கிறேனோ அங்கே சரியாகக் கை வைப்பார். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண், ஒற்றை விரலால் தட்டுகிறார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு எல்லாரும் புதிய தளங்களுக்குப் போனார்கள். நானும் போனேன். 'அடுத்த வாரம் வருகிறேன்' என்று வலைப்பூவில் ஒரு வரி போட்டதோடு சரி, எட்டு வருடம் ஓடிவிட்டது. புது இடத்தில் நாலு வரிக்கு நானூறு லைக். நாலு வரிக்கு மேல் போனால் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் எழுதியது மாலையில் எனக்கே ஞாபகம் இருக்காது. ஆனாலும் லென்ஸ் ஒரு கையில் இருக்கும், போன் இன்னொரு கையில் இருக்கும். முதலாளி இரண்டு முறை எச்சரித்தும் விட்டார்.

ஒருநாள் எழுத ஒன்றும் தோன்றாமல் பழைய வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். ஒப்புதலுக்குக் காத்திருப்பவை: முப்பத்திரண்டு. அத்தனையும் அவருடையவை. நான் எழுதாமல் விட்ட பிறகும் அவர் எனக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். வலி, தூக்கம் வராத விடியல், ஜன்னலில் தெரியும் ஒரு துண்டு வானம். எல்லாம் அப்படி இருந்தது.

அதில் ஒன்றை எடுத்தேன். நாலு வரியாக நறுக்கினேன். என் படத்தோடு, என் பெயரில் போட்டேன்.

சொல்லவே கூசுகிறது. இரண்டாயிரம் லைக் வந்தது.

அவர் பின்னூட்டத்துக்கு நான் ஒப்புதல் கொடுக்கவில்லை. கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பதிலும் போடவில்லை. போட்டால் பேச்சு வளரும். அதன் பிறகு சரக்கு தீரும்போதெல்லாம் அங்கே போனேன். புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. நாலு வருடத்தில் பத்தொன்பது எடுத்தேன்.

போன வாரம் எடுத்தது இது: 'கட்டிலைக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் கால்கள் இருந்த நான்கு இடங்களில் மட்டும் தரை வெளுத்திருக்கிறது. ஜன்னல் கம்பிகளில் மூன்றாவது வளைந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் நீல ஸ்வெட்டர். கட்டில் இல்லாமல் படுத்திருப்பதும் பழகிவிட்டது.'

ஒன்பதாயிரம் லைக். என்ன கற்பனை, என்ன கற்பனை என்று ஊரே புகழ்ந்தது. வீட்டுக்காரி மட்டும் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது நீங்க எழுதின மாதிரியே இல்லையே."

"ஏன், எனக்கு வராதா?"

"படுத்தா உங்களுக்குக் குறட்டைதான் வரும். இதெல்லாம் எங்க வரப்போகுது?"

சிரித்து மழுப்பிவிட்டேன்.

மெக்கானிக் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். வலித் தைலத்தின் வாசனை முகத்தில் வந்து மோதியது.

தரையில் நான்கு வெளுத்த இடங்கள்.

ஜன்னலில் மூன்றாவது கம்பி வளைந்திருந்தது.

கதவுக்குப் பின்னால் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவரே கதவை இழுத்துக் காட்டினார். நீல ஸ்வெட்டர்.

"அக்கா போய் மூணு வருஷம் ஆச்சு சார்," என்றார் மெதுவாக. "கட்டிலைப் போன மாசம்தான் எடுத்துட்டுப் போனாங்க. சாவி என் பையிலயே இருக்கு. என் சம்சாரம்கூட அதுக்கப்புறம் உள்ள வந்ததில்ல. நீங்க எப்படி சார் எழுதினீங்க?"

மூன்று வருடம். நான் எடுத்த பத்தொன்பதில் பாதிக்கு மேல் அந்த மூன்று வருடங்களில் வந்தவை. அவர் முகத்தைப் பார்க்காமல் அறையைப் பார்த்தேன்.

மூலையில் மேசை மேல் பழைய கம்ப்யூட்டர். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தார்கள். திரையில் படலம் படலமாகத் தூசி. மேசையிலும் தூசி. கீபோர்டில் மட்டும் தூசி இல்லை.

"இதை மட்டும் துடைச்சீங்களா?"

"நான் எதையும் தொடல சார்."

டக்.

இருவரும் அசையவில்லை. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. கீபோர்டில் ஒரு விசை கீழே போய் மேலே வந்ததை நான் பார்த்தேன்.

டக்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்று கிசுகிசுத்தார். "அக்கா இப்படித்தான் அடிப்பா. ஒவ்வொண்ணா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரோ ஒருத்தர் பதில் போடுவார்னு கடைசி வரைக்கும் கம்ப்யூட்டரை அணைக்க விடல. 'அடுத்த வாரம் வரேன்னு சொல்லியிருக்கார்டா'ம்பா. அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா எனக்குப் போதும் சார்."

"அது நான்தான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். திருடியதையும் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். பாரம் இறங்கியது போல இருந்தது.

இன்று கடையில் மதிய இடைவேளை. பின்பக்க அறையில் உட்கார்ந்து எட்டு வருடம் கழித்து இதே வலைப்பூவில் இதை எழுதுகிறேன். மட்டுறுத்தலை எடுத்துவிட்டேன். இன்னும் வெளியிடவில்லை, வரைவாகத்தான் இருக்கிறது. என்னைத் தவிர யாராலும் இதைப் பார்க்க முடியாது.

கீழே 'பின்னூட்டம்: 1' என்று காட்டுகிறது.

"நான்தான் முதல். ஒரு திருத்தம். தம்பியிடம் நீங்கள் எதுவும் சொல்லவில்லை."

அதை அழித்தேன். திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது.

அவர் சொல்வது சரி. நான் சொல்லவில்லை. "கற்பனைதான் சார், எழுதறவங்களுக்கு அப்படி அமையும்," என்றுதான் சொன்னேன். மெக்கானிக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த அறை வாசலில் அவரோடு நின்று பல்லைக் காட்டினேன். பேருந்தில் வரும்போதே அந்தப் படத்தை என் பக்கத்தில் போட்டேன். 'வாசகர் இல்லத்தில்' என்று தலைப்பு வேறு. ஆயிரத்து நூறு லைக். செத்துப்போனவரின் வீட்டில் நின்று அதையும் காசாக்கிக்கொண்டு வந்த என்னை என்னவென்று சொல்வது? மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்த இடத்திலும் நல்லவனாக வேஷம் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதிய அந்தப் பொய்யை நான் திருத்தப் போவதில்லை. எல்லாரும் பார்க்கட்டும்.

மெக்கானிக்கைப் போனில் அழைத்தேன்.

"சொல்லுங்க சார்," என்றார். அவருக்குப் பின்னால் டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் "உங்க அக்கா காத்துக்கிட்டிருந்தது எனக்காகத்தான்," என்று தொடங்கியதும் அந்தச் சத்தம் நின்றது. நான் சொல்லி முடிக்கிற வரை அது கேட்கவே இல்லை.

அவர் திட்டவில்லை, தோளில் கை வைக்கிற மாதிரி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

காத்திருந்த பின்னூட்டங்கள் அத்தனைக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது பதிவுகளையும் அந்தப் படத்தையும் என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். இதை இப்போது வெளியிடுகிறேன்.

பின்சேர்க்கை: வெளியிட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த அறையில் வலித் தைல வாசனை அடிக்கிறது. பழைய பின்னூட்டம் போய்விட்டது. அதே இடத்தில் வேறொன்று இருக்கிறது. இந்த முறை திருத்தம் எதுவும் இல்லை.

"நான்தான் முதல். அடுத்த வாரமும் வருவீர்கள்தானே?"