வேண்டாம்

வேண்டாம் என்றுதான் சொன்னாள். கணவனோ டீயில் இரண்டு கரண்டி சர்க்கரையை அள்ளிப் போட்டான்.

"வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"அதான் போட்டேனே!" என்று சிரித்தபடி வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

வம்பு பண்ணுகிறான் என்று நினைத்தாள். போனில் புகார் கேட்கும் வேலையில் ‘வாயாடி’ என்று பெயரெடுத்தவள். மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோதும், வாய் மட்டும் அப்படியே இருக்கிறதே என்று எல்லோரும் கேலி செய்தார்கள். சில சொற்கள் தடுமாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் காதுக்கு எதுவும் தடுமாறவில்லை.

பதினோரு மணிக்கு, வீடெல்லாம் பெயின்ட் வாடையும் உப்புத்தாள் தேய்க்கும் சரசரப்புமாக இருந்தபோது, பெயின்டர் கூடத்து ஜன்னலைக் காட்டிக் கேட்டார்.

"கம்பியைக் கழட்டிக் கீழ கொண்டுபோய் அடிக்கட்டுமாக்கா?"

"வேண்டாம். கழட்டாதீங்க."

"சரிக்கா." திருகாணி கிறீச்சிட்டது.

"கழட்டாதீங்கன்னு சொல்றேன்ல!"

"இதோக்கா, இதோ! ஏன் இப்படி அவசரப்படுத்துறீங்க?"

அவர் கம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். திறந்த ஜன்னல் வழியே திரைச்சீலை வெளியே பறந்தது. காலையில் டீயில் விழுந்த சர்க்கரை அவள் நினைவுக்கு வந்தது. போனை எடுத்து, ‘வேண்டாம், கழட்டாதீங்க’ என்று பதிவு செய்து கேட்டாள்.

"வேணும். கழட்டுங்க."

அவள் குரல்தான். தெளிவாக, தேனாக.

இத்தனை நாளும் யார் யாருக்கு எதற்கெல்லாம் சரி சொன்னோம்?

உள்ளறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பி உடனே திரும்ப வரவேண்டும். மூன்று மாடியும் ஓடி இறங்கினாள். பேசவில்லை. பெயின்டர் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினாள்.

"அம்மா!"

மேலே, ஜன்னல் விளிம்பில், நான்கு வயது மகள். கால்கள் வெளியே.

"குதிக்கட்டுமா? புடிச்சுக்குவியா?"

வாயைத் திறக்கக் கூடாது. உதட்டைக் கடித்தாள். கம்பியைப் போட்டுவிட்டு, நகராதே என்று இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள். நீட்டிய கைகளைப் பார்த்துக் குழந்தை சிரித்தது. முன்னால் நகர்ந்தது.

பெற்ற வயிறு பொறுக்கவில்லை. கத்திவிட்டாள். வேண்டாம்!

பெயின்டரின் முகம் வெளுத்தது. "அக்கா! என்ன சொல்றீங்க நீங்க!"

அவள் காதில் வேண்டாம் என்றுதான் கேட்டது. இன்னும் உரக்கக் கத்தினாள். வேண்டாம். வேண்டாம் கண்ணு. வேண்டாம்.

அம்மா சொல் தட்டாத பிள்ளை. தலையாட்டிவிட்டு, விளிம்பைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுத்தது.